அத்தியாயம் 6: தேதி தள்ளாது, சரக்குதான் முந்த வேண்டும்

மண்டபம் கிடைக்கவில்லை என்றால் கல்யாணத்தைக்கூட அடுத்த முகூர்த்தத்துக்குத் தள்ளிவிடலாம். தீபாவளியைத் தள்ள முடியாது. சாதாரண நாளில் சரக்கு இரண்டு நாள் தாமதமானால் வாடிக்கையாளர் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போவார். தீபாவளிக்கு மறுநாள் வந்து இறங்கும் இனிப்புப் பெட்டியை யாரும் சீண்டமாட்டார்கள். பண்டிகை வியாபாரத்தின் எல்லாச் சிக்கலும் இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைப்பவை.

குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலையில் அடுக்குமாடிகளில் கடை விரித்திருக்கும் போத்தீஸுக்கும் சரவணா ஸ்டோர்ஸுக்கும் இந்த அத்தியாயம் தேவைப்படாது. அவர்களிடம் கிடங்கும் ஆளும் கணினியும் இருக்கின்றன. ராதா நகரில் வீட்டு மாடியில் முறுக்கு சுழிப்பவருக்கும், அஸ்தினாபுரத்தில் நவராத்திரிக்குத் தாம்பூலப் பை கட்டித் தருபவருக்கும், தாம்பரம் மெப்ஸ் வளாகத்துக் கம்பெனிகளுக்குத் தீபாவளிப் பெட்டி போட்டுத் தருபவருக்கும்தான் இதை எழுதுகிறேன். விநியோகச் சங்கிலி என்று மேலாண்மைப் படிப்பில் சொல்லித்தருவதில் பாதியை நம் பரிசுப் பழக்கங்கள் ஏற்கனவே செய்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குள், எத்தனை வேண்டும் என்பதைச் செய்வதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடும் ஓர் ஏற்பாடு ஒளிந்திருக்கிறது. அது இருக்கும் இடத்தில் சரக்கு தடங்கலில்லாமல் ஓடும். இல்லாத இடத்தில் கடைக்காரர் ஜோசியம் பார்ப்பார்.

நாட்காட்டியைப் பின்னாலிருந்து படிப்பது

தீபாவளி 2023-இல் நவம்பர் 12-ஆம் தேதி வந்தது. 2024-இல் அக்டோபர் 31. 2025-இல் அக்டோபர் 20. 2026-இல் நவம்பர் 8. ஆக, போன வருஷம் அக்டோபர் முதல் வாரத்தில் எவ்வளவு விற்றது என்று பில் புத்தகத்தைப் புரட்டுவதில் பயனில்லை. பண்டிகைக்கு முந்திய 20-ஆம் நாள், 10-ஆம் நாள், 3-ஆம் நாள் என்று பின்னாலிருந்து எண்ணி அந்தக் கணக்கைத்தான் ஒப்பிட வேண்டும். நோட்டில் தேதிக்குப் பக்கத்தில் "தீ-10" என்று குறித்துவைத்தால் அடுத்த ஆண்டு வேலை சுலபம்.

தேதியோடு சம்பள நாளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அக்டோபர் 20-இல் பண்டிகை வந்தால் செப்டம்பர் சம்பளம் கரைந்திருக்கும், அக்டோபர் சம்பளம் வந்திருக்காது, போனஸ்தான் பணம். நவம்பர் 8 என்றால் சம்பளம் கையில் இருக்கும், கூட்டம் அந்த ஒரு வாரத்தில் குவியும். 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டம் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்று வைத்தது. கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் தர வேண்டும் என்றும் சொன்னது. மார்ச் 31-இல் கணக்கு முடிப்பவருக்குக் கெடு நவம்பர் 30 வரை இருக்கிறது. நடைமுறையில் தீபாவளிக்கு முன்பே கொடுத்துவிடுகிறார்கள். எந்தக் கம்பெனி என்றைக்குப் போனஸ் போடுகிறது என்பது குரோம்பேட்டைக் கடைக்காரருக்கு வானிலை அறிக்கைக்குச் சமமான தகவல். விசாரித்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பின்னாலிருந்து எண்ணுவதில் நம் மாநிலத்திலேயே கைதேர்ந்தவர்கள் ஓசூர் ரோஜா விவசாயிகள். பிப்ரவரி 14 காதலர் தினம் அவர்களுக்கு ஏற்றுமதித் திருவிழா. அன்றைக்கு வெளிநாட்டுக் கடையில் மொட்டாக நிற்க வேண்டிய பூவுக்கு இங்கே டிசம்பரிலேயே கவாத்து செய்துவிடுகிறார்கள். கவாத்து ஒரு வாரம் பிந்தினால் பூ ஒரு வாரம் பிந்தும். பிப்ரவரி 20-இல் மலர்ந்த தாஜ்மகால் ரோஜா உள்ளூர்ச் சந்தை விலைக்குத்தான் போகும். உங்கள் தொழிலில் கவாத்துக்கு நிகரான வேலை எது என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் அது இனிப்பு கிண்டுவதாக இருக்காது. அட்டைப்பெட்டிக்கு ஆர்டர் கொடுப்பதாகவோ, சரக்கு மாஸ்டருக்கு அட்வான்ஸ் கொடுத்து ஆளைப் பிடித்துவைப்பதாகவோ இருக்கும். சங்கிலியில் அதிக நாள் பிடிக்கும் வேலை எதுவோ அதிலிருந்துதான் திட்டம் தொடங்க வேண்டும். முந்திரி எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும்; ஐப்பசியில் நல்ல மாஸ்டர் கிடைக்கமாட்டார்.

ஆடி பதினெட்டில் கேட்கும் கேள்வி

புத்தாண்டுக்கு மளிகைக் கடையும் நகைக்கடையும் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் தினசரிக் காலண்டரைப் போல மலிவான பரிசு வேறில்லை. அதன் பின்னால் இருக்கும் ஏற்பாட்டைப் போலக் கச்சிதமானதும் அதிகம் இல்லை. சிவகாசிக் காலண்டர் நிறுவனங்கள் ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு, அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பத்தை வெளியிடுகின்றன. முகவர்கள் அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்புவார்கள். பிள்ளையார் வேண்டுமா, முருகன் வேண்டுமா, மாதா வேண்டுமா, இயற்கைக் காட்சியா, எத்தனை நூறு என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போவார்கள். ஆகஸ்டில் கேட்ட கேள்விக்கு டிசம்பரில் சரக்கு. ஆர்டர் கையில் வந்த பிறகுதான் பெரும்பகுதி அச்சாகிறது.

கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இதில் இருக்கிறது. நாள்தோறும் கிழிக்கும் தாள்கட்டு எல்லாருக்கும் பொது. சாமிப் படம் போட்ட அட்டையும் நூற்றுக்கணக்கான கடைகளுக்குப் பொது. நியூ காலனி மருந்துக் கடையையும் நெல்லை மிட்டாய்க் கடையையும் பிரித்துக் காட்டுவது அடியில் அச்சாகும் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டுமே. அதைக் கடைசியில் போடுகிறார்கள். ஒரு கடைக்காரர் ஆர்டரை ரத்து செய்தாலும் அச்சகத்துக்குப் பெரிய நஷ்டம் இல்லை. அதே முருகன் வேறு கடைக்குப் போய்விடுவார்.

பெனட்டன் என்ற இத்தாலிய நிறுவனம் வெள்ளை நூலில் சட்டையைப் பின்னி வைத்துக்கொண்டு, எந்த நிறம் விற்கிறது என்று பார்த்த பிறகு சாயம் போட்டது. மேலாண்மை வகுப்புகளில் இதை அடிக்கடி உதாரணம் காட்டுவார்கள். குரோம்பேட்டையில் அதைப் படிக்கும் மாணவரின் வீட்டுச் சுவரிலேயே இதற்கான உதாரணம் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

உங்கள் வேலைக்கு இதை மாற்றிப் பாருங்கள். தாம்பூலப் பை தைப்பவர் எல்லாப் பையையும் ஒரே துணியில், பெயர் எதுவும் இல்லாமல் தைத்து வைக்கலாம். "கொலு அழைப்பு", "புதுமனை புகுவிழா", "சஷ்டியப்தபூர்த்தி" ஆகியவற்றை ஆர்டர் வந்த பிறகு ஸ்கிரீன் பிரிண்டில் போட்டுக்கொள்ளலாம். பெயர் அச்சிட்ட 200 பை மீந்தால் குப்பை. பெயர் இல்லாத 200 பை மீந்தால் அடுத்த முகூர்த்தத்துக்கு முதல்.

சீட்டு

தீபாவளிச் சீட்டை வெறும் சேமிப்பு என்று நினைப்பவர்கள் கடைக்காரர் பக்கத்திலிருந்து அதைப் பார்த்ததில்லை. மாதம் 300 ரூபாயோ 500 ரூபாயோ கட்டி, ஐப்பசியில் இனிப்பு, காரம், பட்டாசு, சில சமயம் ஒரு வெள்ளிக்காசு என்று வாங்கிக்கொள்ளும் அந்த அட்டைக்குள் மூன்று வேலை நடக்கிறது. எத்தனை பேருக்குச் சரக்கு வேண்டும் என்பது பல மாதம் முன்பே தெரிந்துவிடுகிறது. கொள்முதலுக்கு வட்டியில்லாமல் பணம் சேர்கிறது. கடைசி மூன்று நாள் நெரிசலில் ஒரு பங்கு குறைகிறது, ஏனென்றால் சீட்டுக்காரருக்குச் சரக்கை ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடலாம். தெருவில் அட்டை பிடிக்கும் பெண்மணியோ கம்பெனி கேன்டீனில் வசூலிக்கும் ஊழியரோ, சம்பளம் இல்லாத விற்பனை மேலாளர்.

பணம் முன்னால் வருவதில் ஒரு கண்ணி உண்டு. தை மாதம் வாக்குக் கொடுத்த ஒரு கிலோ முந்திரிக் கேக்கை ஐப்பசி விலையில் செய்ய வேண்டியிருக்கும். நெய்யும் முந்திரியும் வெள்ளியும் நமக்காகக் காத்திருப்பதில்லை. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, எடையைச் சொல்லாமல் தொகையைச் சொல்லிச் சீட்டு நடத்துவது: கட்டிய பணத்துக்கும் அதன்மேல் ஒரு பங்குக்கும் அன்றைய விலையில் சரக்கு. மற்றது, வசூலாகும் பணத்தைச் செலவு செய்யாமல் கெடாத பொருளை மாதாமாதம் வாங்கி வைப்பது. வெள்ளிக்காசுக்கு இது பொருந்தும். முந்திரிக்கு ஓரளவு பொருந்தும். நெய்யை யோசித்துச் செய்யுங்கள். எனக்குப் பிடித்தது முதல் வழி. வாடிக்கையாளர்களுக்குப் பிடிப்பது "ஒரு கிலோ கேக், அரைக் கிலோ மிக்சர்" என்று பட்டியலிட்ட அட்டை. விற்பது அதுதான் என்பதால் பலர் அதிலேயே இறங்குகிறார்கள், விலை ஏறிய வருஷம் பெட்டியின் அளவைக் குறைத்துப் பெயரைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. தீபாவளிச் சீட்டு என்று வசூலித்துவிட்டுத் தலைமறைவான வழக்குகள் வட மாவட்டங்களில் பல வந்தன. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் மத்திய சட்டம் 2019-இல் வந்தது. சரக்குக்கான முன்பணம் வேறு, திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கும் வைப்பு வேறு. "வேண்டாம் என்றால் பணமாகவே தருகிறேன், போனஸோடு" என்று வாய் சொன்ன நொடியில் நீங்கள் முதல் பக்கத்திலிருந்து இரண்டாம் பக்கத்துக்குத் தாண்டிவிடுகிறீர்கள். நகைக்கடைத் திட்டங்கள் 11 மாதத்தில் முடிவதற்கும் இதே போன்ற காரணம் உண்டு: சரக்குக்காக வாங்கும் முன்பணத்தைக் கம்பெனிகள் 365 நாளுக்குள் சரக்காக ஈடுகட்ட வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டு வைப்பு விதிகள் சொல்கின்றன. உங்கள் அட்டையில் என்ன சரக்கு, எந்தத் தேதிக்கு என்பதை அச்சடித்து, தொடங்கும் முன் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இரண்டு கோடி வீட்டுக்கு ஒரே பரிசு

தமிழ்நாட்டில் மிகப் பெரிய பரிசு விநியோகம் எந்தக் கடையிலும் நடப்பதில்லை. நியாயவிலைக் கடையில் நடக்கிறது. பொங்கல் பரிசுத் தொகுப்பு சுமார் 2.19 கோடி குடும்ப அட்டைகளுக்குச் சில நாள்களில் போய்ச் சேர வேண்டும். அரசியலை ஒதுக்கிவைத்துவிட்டுச் சரக்கை மட்டும் பார்த்தால் இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. அரசுக்கு எண்ணிக்கை முன்பே தெரியும், அட்டைதான் எண்ணிக்கை. அதனால் இங்கே வரும் தடுமாற்றமெல்லாம் வேறு இடங்களில் வருகிறது.

2022 பொங்கலுக்குத் தொகுப்பில் 21 பொருள்கள் இருந்தன. பச்சரிசி, வெல்லம், முந்திரி, திராட்சை, நெய் தொடங்கி மிளகு, புளி, ரவை, உப்பு வரை. பொருள் ஒவ்வொன்றும் தனித்தனிச் சங்கிலி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பொருளும் நூற்றுக்கு 98 தடவை சரியாக வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம், நல்ல நிர்வாகம்தான். ஆனால் 21-உம் ஒரே பையில் சரியாக இருக்கும் வாய்ப்பு 0.98-ஐ 21 தடவை பெருக்கினால் வருவது: சுமார் 65 சதவீதம். நூறு பையில் 35 பையில் ஏதோ ஒன்று குறையும். மூன்றே பொருள் என்றால் அதே 98 சதவீதத்தில் 94 பை முழுதாக இருக்கும். அந்த ஆண்டு வெல்லம் உருகி ஒழுகியதாகப் புகார்கள் எழுந்தன. தரமற்ற பொருள் தந்த நிறுவனங்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் உத்தரவிட்டார். வெல்லம் ஈரத்தை இழுக்கும் பண்டம். மார்கழிக் காற்றில் மூட்டையில் காத்திருந்தால் கசியத்தான் செய்யும். மற்ற இருபதும் நன்றாக இருந்தாலும் வீட்டில் பையைத் திறந்தவர்கள் பேசியது வெல்லத்தைப் பற்றித்தான்.

அடுத்த ஆண்டு பட்டியல் சுருங்கியது: ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, 1,000 ரூபாய். 2022 டிசம்பரில் வந்த அந்த முதல் அறிவிப்பில் கரும்பு இல்லை. செங்கரும்பு ஒன்பது பத்து மாதப் பயிர். கோடையில் கரணை நட்ட விவசாயி, அரசு வாங்கும் என்ற நம்பிக்கையில் நட்டுவிட்டார். டிசம்பர் கடைசியில் வேண்டாம் என்றால் வயலில் நிற்கும் கரும்பை என்ன செய்வது? இது கடித்துத் தின்னும் கரும்பு, ஆலைக்குப் போகும் ரகம் இல்லை. பொங்கல் தாண்டினால் மாட்டுக்குத்தான். போராட்டங்கள் நடந்தன, சில நாள்களிலேயே முழுக் கரும்பு ஒன்று சேர்க்கப்பட்டது. ஆறு அடிக்குக் குறையக் கூடாது, வெட்டுகூலி, ஏற்றுகூலி, வண்டிக் கூலி எல்லாம் சேர்த்து ஒரு கரும்புக்கு 33 ரூபாய் உச்சம் என்று வரையறுத்தார்கள்.

வாங்குபவர் முடிவெடுக்கும் நேரமும் செய்பவர் முடிவெடுத்தாக வேண்டிய நேரமும் எட்டு மாதம் விலகி நிற்பதுதான் இங்கே கோளாறு. உங்களுக்கு மண் அகல் விளக்கு செய்து தருபவரும், கொலு பொம்மை அனுப்பும் காஞ்சிபுரம், விளாச்சேரிக் குடும்பங்களும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். மழைக்கு முன் மண் காய்ந்தாக வேண்டும். அவர்கள் உங்கள் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்க முடியாது. சித்திரையிலேயே ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கையை, சின்னதாக இருந்தாலும், உறுதியாகச் சொல்லி முன்பணம் கொடுத்துவிடுங்கள். மேற்கொண்டு வேண்டியதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

டோக்கன் முறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எந்த அட்டைக்கு எந்த நாள், எந்த நேரம் என்று எழுதிய சீட்டை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஒரு நாளைக்கு இத்தனை அட்டைக்கு மேல் இல்லை. கடைக்குப் போகும் சரக்கும் அந்த அளவுக்குத் தகுந்தபடிதான். பண்டிகைக்கு முந்தைய நாள் ஒரே கூட்டமாக வருவதை அரசாலேயே ஒரு துண்டுக் காகிதத்தால் நான்கைந்து நாளுக்குப் பிரித்துவிட முடிகிறது என்றால், நாற்பது வாடிக்கையாளர் வைத்திருக்கும் நாம் வாட்ஸ்அப்பில் அதைச் செய்யாமல் இருப்பதற்குக் காரணமே இல்லை. "உங்கள் பெட்டி செவ்வாய் மாலை ஐந்திலிருந்து ஆறுக்குள்" என்று ஒரு வரி போதும்.

இலவச வேட்டி சேலைத் திட்டமும் இதே பொங்கலோடு சேர்ந்தது. 1983-இல் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கியது. இப்போது ஆண்டுக்கு ஒன்றேமுக்கால் கோடி அளவுக்குச் சேலையும் அதே அளவுக்கு வேட்டியும் கைத்தறி, விசைத்தறிக் கூட்டுறவு சங்கங்களில் நெய்யப்படுகின்றன. நூல் கொள்முதல் பிந்திய ஆண்டுகளில் துணி பொங்கல் கழிந்து வந்து சேர்ந்ததும் உண்டு. இருந்தாலும் இவ்வளவு பெரிய எண்ணிக்கை சாத்தியமாவதற்கு ஒரு காரணம் யார் கண்ணிலும் படுவதில்லை: வேட்டிக்கும் சேலைக்கும் சைஸ் கிடையாது. சட்டை கொடுப்பதாக இருந்தால் 36, 38, 40, 42 என்று ஒவ்வொரு கடைக்கும் தனிக்கணக்கு. ஒரு ஊரில் 42 தீர்ந்துபோக, பக்கத்து ஊரில் 36 குவிந்து கிடக்கும். பரிசாக எதைத் தேர்வு செய்வது என்று யோசிக்கும்போது இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள். அளவும் நிறமும் ருசியும் ஆளுக்கு ஆள் மாறாத பொருளாக இருந்தால் கிடங்கு வேலையில் பாதி அங்கேயே குறைந்துவிடும்.

எத்தனை பெட்டி போடுவது

முன்பணம் கொடுத்த ஆர்டர் போக, நேரே கடைக்கு வந்து வாங்குபவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு எவ்வளவு செய்து வைப்பது? மீந்தால் எவ்வளவு நஷ்டம், போதாமல் போனால் எவ்வளவு லாபம் போகும் என்ற இரண்டு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

உதாரணமாக, அடக்கவிலை 200 ரூபாய் ஆகும் காரப் பெட்டியை 320-க்கு விற்கிறீர்கள். மீந்தால் கார்த்திகையில் 170-க்குத் தள்ளிவிடலாம். போதாமல் போனால் கைநழுவுவது 120 ரூபாய், மீந்தால் போவது 30. 120-ஐ இரண்டின் கூட்டுத்தொகையான 150-ஆல் வகுத்தால் 0.8. கடந்த பத்துத் தீபாவளியில் விற்ற அளவைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையாக எழுதி, எட்டாவது எண்ணைப் பிடியுங்கள். அந்த அளவு செய்யலாம். இப்போது பால்கோவாப் பெட்டி: அடக்கம் 420, விலை 600, மீந்தால் பைசா தேறாது. 180-ஐ 600-ஆல் வகுத்தால் 0.3. அதே வரிசையில் மூன்றாவது எண். அதாவது காரத்தைத் தாராளமாகவும் பால் இனிப்பைக் கருமித்தனமாகவும் செய்ய வேண்டும். பால் இனிப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதில் வெட்கமே வேண்டாம்.

இந்தக் கணக்குக்குத் தேவையான எண்கள் பில் புத்தகத்தில் முழுதாக இருக்காது என்பதுதான் தொல்லை. விற்றது பதிவாகும்; "இல்லீங்க, முடிஞ்சிடுச்சு" என்று சொல்லித் திருப்பி அனுப்பியது பதிவாகாது. கல்யாண வீட்டில் மொய் எழுத ஒருவர் நோட்டோடு உட்கார்ந்து, பதினோரு ரூபாய் வைத்தவரைக்கூட ஊர்ப் பெயரோடு எழுதிக்கொள்கிறார். கடையில் கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனவருக்கும் அப்படி ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இரண்டே தீபாவளியில் அந்தப் பக்கம் விற்பனைக் கணக்கைவிட அதிகம் பேசும்.

ஆர்டர் கைமாறும்போது வீங்குவதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு உண்மையில் வேண்டியது 100 பெட்டி. கடைக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று பத்து சதவீதம் சேர்த்து 110 கேட்கிறார். மொத்த வியாபாரி பதினைந்து சதவீதம் சேர்த்து 127. அட்டைப்பெட்டிக்காரர் இருபது சதவீதம் சேர்த்து 152-க்கு அட்டை வாங்குகிறார். கைப்பிடியில் சின்ன அசைவு, நுனியில் பெரிய வீச்சு என்பதால் இதைச் சாட்டை விளைவு என்கிறார்கள். குழந்தைகள் நாள்தோறும் ஒரே சீராகத்தான் டயப்பர் நனைக்கின்றன, ஆனாலும் ஆர்டர் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தலையைச் சொறிந்த கதையை ஹாவ் லீயும் சகாக்களும் 1997-இல் எழுதிய கட்டுரை பிரபலமாக்கியது. மருந்து ஒன்றுதான்: மேலே இருப்பவரிடம் உங்கள் ஆர்டரைச் சொல்வதோடு, உங்களுக்கு வந்த ஆர்டரையும் காட்டிவிடுங்கள். அட்டைப்பெட்டிக்காரருக்கு 100 என்ற எண் தெரிந்தால் அவர் 152-க்குப் போகமாட்டார், நீங்களும் வீணான அட்டைக்கு விலை கொடுக்கமாட்டீர்கள்.

பெரிய ஆர்டர் ஒன்றே ஒன்று வந்தால் சந்தோஷப்படுவதோடு பயப்படவும் வேண்டும். குரோம்பேட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் அனகாபுத்தூரில், மெட்ராஸ் கைக்குட்டை என்ற கட்டம் போட்ட துணி நெய்து நைஜீரியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே கலாபரி மக்கள் பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாச் சடங்குக்கும் அந்தத் துணியைப் பயன்படுத்துபவர்கள். அந்த ஒரு சந்தை படுத்தபோது ஊரில் தறிகளும் படுத்தன. இன்று எஞ்சியிருப்பவர்களில் சிலர் வாழைநாரிலும் மற்ற இயற்கை நாரிலும் சேலை நெய்து வேறு வாடிக்கையாளர்களைப் பிடித்திருக்கிறார்கள். மெப்ஸ் கம்பெனி ஒன்று 500 பெட்டிக்கு ஆர்டர் தந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தெருவில் பத்துப் பெட்டி வாங்குபவரை அதற்காகக் கைவிட்டுவிடாதீர்கள்.

பெட்டிக்குள் எதைச் சேர்ப்பது என்பதில் சில சட்டச் சங்கதிகள், சுருக்கமாக. பல பொருளை ஒரே பெட்டியில் ஒரே விலைக்கு விற்றால், சரக்கு சேவை வரிச் சட்டம் அதைக் கலப்பு வழங்கலாகப் பார்த்து, உள்ளே இருப்பதில் எதற்கு வரி அதிகமோ அந்த விகிதத்தை முழுப் பெட்டிக்கும் போடுகிறது. 5 சதவீத இனிப்போடு 18 சதவீத சென்ட் பாட்டிலைச் சேர்த்தால் இனிப்புக்கும் 18. தனித்தனி விலை போட்டுத் தனியாக பில் எழுதுங்கள். எடைபோடும்போது அட்டையின் எடையை இனிப்போடு சேர்க்கக் கூடாது. வீட்டில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டும். எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்பதை எழுதுங்கள். பரிசுப் பெட்டி வாங்கியவர் வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும், அங்கிருந்து மூன்றாம் வீட்டுக்கும் போகலாம்.

சாலையும் தண்டவாளமும் மழையும்

குரோம்பேட்டையைத் தண்டவாளம் இரண்டாகப் பிரிக்கிறது. கடைத்தெரு ஜி.எஸ்.டி. சாலையில், வாங்குபவர்களில் பெரும்பகுதி கிழக்கே ராதா நகர், நெமிலிச்சேரி, அஸ்தினாபுரம், சிட்லபாக்கத்தில். 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, தென்மாவட்டத்துக்குப் போகிறவர்கள் ஏறுமிடம் இன்னும் தெற்கே நகர்ந்துவிட்டது. சென்னைக்குள்ளிருந்து அங்கே போகிற கூட்டத்தில் பெரும்பகுதி நம் வாசல் வழியாகத்தான் போகிறது. பண்டிகைக்கு முந்தைய மூன்று மாலைகளில் இந்தச் சாலையில் குட்டியானை வண்டியை நம்பி நேரம் சொல்லக் கூடாது. காலை ஆறிலிருந்து எட்டுக்குள் சரக்கை ஏற்றி இறக்கிவிடுங்கள். கிழக்குப் பக்கத்து ஆர்டர்களைக் கிழக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டில் முந்தைய நாள் இறக்கிவைத்து அங்கிருந்து இருசக்கர வண்டியில் கொடுப்பது மலிவு. அந்த வீட்டுக்காரருக்கு ஒரு பெட்டி இனிப்பு கொடுத்தால் வாடகை தீர்ந்தது.

ஊருக்குக் கிளம்புகிறவர்களிடம் கிளம்பும் தேதியைக் கேட்டு வாங்குவது இங்கே தனித்தேவை. தென்மாவட்டக்காரர்கள் பண்டிகைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்குத் தீபாவளி என்பது ரயில் டிக்கெட்டில் இருக்கும் தேதி. அதற்குத் தக்கபடி கெடாத பலகாரமாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் மூன்றுக்குமான சரக்கு சேரும் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. 2015-இல் தீபாவளி நவம்பர் 10. அது முடிந்து மூன்று வாரத்தில், டிசம்பர் முதல் தேதி தொடங்கிய ஒரு நாள் மழையில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது, முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளில் தரைத்தளமே மூழ்கியது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல். அட்டைப்பெட்டிக் கட்டு தரையில் இருந்தால் அரை அடித் தண்ணீர் போதும், மொத்தமும் கூழ். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் பலகை போடுங்கள், முடிந்தால் மாடிக்கு ஏற்றுங்கள்.

ரவிக்கைத் துண்டு

நவராத்திரித் தாம்பூலத்தில் வரும் ரவிக்கைத் துண்டு எத்தனை வீடு சுற்றியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. வெற்றிலை பாக்கோடு வாங்கியவர் அதைத் தைப்பதில்லை; பீரோவில் வைத்து அடுத்த வெள்ளிக்கிழமை வேறு ஒருவருக்குக் கொடுக்கிறார். ஒரு சமயம் கொடுத்தவருக்கே திரும்பி வருவதும் உண்டு, அப்போது இருவரும் சிரிக்காமல் இருப்பது ஒரு கலை. துணிக்கடைக் கணக்கில் அது நன்றாக விற்கும் சரக்கு. உண்மையில் யாரும் உடுத்தாத சரக்கு. பரிசு வியாபாரத்தில் பணம் கொடுப்பவர் ஒருவர், பயன்படுத்துபவர் வேறு ஒருவர்; பிடிக்கவில்லை என்ற செய்தி கடைக்குத் திரும்பி வராது, மரியாதை கருதி வழியிலேயே அமுங்கிவிடும். தலைதீபாவளிச் சீரில் வந்த எவர்சில்வர் அடுக்குகள் எத்தனை பரணில் அட்டைப் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன!

ஆகவே விற்பனை எண்ணை மட்டும் நம்பாமல், பெட்டியில் ஒரு சின்ன அச்சுத்துண்டில் உங்கள் எண்ணைப் போட்டு, சாப்பிட்டவரையே பேசவையுங்கள். "இந்த முறுக்கு யாரிடம் வாங்கினது?" என்று மூன்றாம் வீட்டிலிருந்து வரும் அழைப்புதான் உண்மையான ஆர்டர். அப்படி வரும் பெயர்களைத் தனியாக எழுதிவைத்து, பொங்கலுக்கு முதலில் அவர்களிடம் கேளுங்கள்.

தீபாவளிக்கு மறுநாள் மீந்ததை எண்ணும்போது பலகாரத்தோடு காலிப் பெட்டிகளையும் எண்ணுங்கள். பலகாரம் எப்படியும் தீர்ந்துவிடும். "தீபாவளி நல்வாழ்த்துகள் 2026" என்று அட்டையிலேயே அச்சான பெட்டிதான் கிடங்கில் கிடக்கும். பெட்டியில் ஆண்டையும் பண்டிகையையும் அச்சிட வேண்டாம். கடைப் பெயர் மட்டும் போட்ட வெறும் பெட்டியை மொத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். பண்டிகைப் பெயரை மேலே சுற்றும் காகிதப் பட்டையில் போட்டுக்கொள்ளலாம். பட்டை 500 அடிக்க ஒரு நாள் போதும், மீந்த பெட்டி தை மாதம் பொங்கல் பட்டையோடு வெளியே போய்விடும்.